பதினாலாவது நிமிடத்து ராட்டினம்

ஒரகடம்
25.8.2025, திங்கள்

ஷாகிர்,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ என் நம்பரை பிளாக் செய்து ஒன்பது மாதம் ஆகிறது. நேற்று ரூமில் இருப்பவன் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். பிறகு உன் தங்கை அப்சானாவைப் பிடித்தேன். "உங்க பேரை எடுத்தாலே அண்ணே எந்திரிச்சுப் போயிருது. லெட்டர் போடுங்க, நான் கையில குடுத்துர்றேன்" என்றது. அதனால் தபால். முழுதாகப் படி. பாதியில் கிழித்தால் நஷ்டம் எனக்கில்லை.

ஆட்டம் ஏற்பாடு செய்கிற கண்ணுச்சாமி அண்ணன் போட்ட விளம்பர வீடியோ பார்த்தேன். செப்டம்பர் 14 ஞாயிறு மாலை, வில்லாபுரம் மண்டபம், நீயும் உன் புதுக் கூட்டாளி பீமாராவும். நாம் வீடியோ பார்த்து எட்டு வருஷம் பழகிய அதே ஜப்பான் மல்யுத்த மேட்ச். செய்யுங்கள், அது என் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. வீடியோவில் பன்னிரண்டு நொடி ஒத்திகை வருகிறது. நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். பீமாராவ் உன் தலையை இடது கக்கத்தில் வாங்குகிறான். நீ முதலில் வலது பக்கம் போகிறாய், அப்புறம் திருத்திக்கொள்கிறாய். அந்தத் திருத்தம்தான் என்னை உட்காரவிடவில்லை.

அவன் பஞ்சாப் பக்கம் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் இருந்தவன். அவன் தப்பாகப் பழகியிருக்க வாய்ப்பில்லை. அப்படியென்றால் தப்பு நம்மிடம். நாம் பார்த்துப் பழகிய அந்த ஜப்பான் வீடியோவை மறுபடி எடுத்தேன். அரங்கத்தின் பின்கதவுக்கு மேலே ஒரு பச்சைப் பலகை தெரியும், மூன்று ஜப்பான் எழுத்து. அதே பலகை எங்கள் கம்பெனியில் ஜப்பான்காரர்கள் உட்காரும் அலுவலகக் கதவிலும் இருக்கிறது. அவசர வழி என்று அர்த்தம். பெட்டி போல இருக்கும் எழுத்து கடைசியில் வர வேண்டும். நம் வீடியோவில் அது முதலில் இருக்கிறது.

புரிகிறதா? நாம் பார்த்தது கண்ணாடியில் திருப்பிய வீடியோ. காப்புரிமைக்காரன் கண்டுபிடித்து நீக்கக் கூடாதென்று எவனோ இடவலம் மாற்றி ஏற்றியிருக்கிறான். நேரான வீடியோவையும் தேடி எடுத்துவிட்டேன். எல்லாப் பிடியும் இடப்பக்கம். மெக்சிகோக்காரர்களைத் தவிர உலகமே இடப்பக்கம்தான். நீயும் நானும் மட்டும் எட்டு வருஷமாக எல்லாவற்றையும் வலப்பக்கம் செய்திருக்கிறோம். இரண்டு பேரும் ஒரே மாதிரி செய்ததால் அந்தத் தப்பு வெளியே தெரியவில்லை.

இப்போது பதினாலாவது நிமிடத்துக்கு வா. நாம் ராட்டினம் என்று பெயர் வைத்த அடி. பீமாராவ் மூலைக் கம்பத்தின் உச்சியிலிருந்து பாய்ந்து, இரண்டு காலையும் உன் கழுத்தைச் சுற்றிப் போட்டு, சுழன்று கீழே போவான். நீ அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்து உருள வேண்டும். அவன் இடப்பக்கம் சுழல்வான். உன் உடம்பு வலப்பக்கம் போனால் உன் கழுத்து நடுவில் மாட்டும். அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

ராட்டினத்தை எடுத்துவிடு. மற்றதைச் செய்.

ராம்கி


மதுரை
29.8.2025

டிப்ளமா மெக்கானிக்கல் ராம்கி அவர்களுக்கு, ஷாகிர் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அத்தா கடையில் மெத்தை தைக்கிற ஊசியால் காகிதத்தைச் சுவரில் குத்திவைத்து, நின்றுகொண்டே படித்தேன். அப்சானாதான் "ஒரு பதிலாவது எழுதுண்ணே" என்று பேனாவைக் கொண்டுவந்தது. நீ தபாலில் கேட்டதால் தபாலில் பதில். போனில் உன் குரல் கேட்டால் எனக்குக் காரை எலும்பு வலிக்கிறது.

அதை மறந்திருக்க மாட்டாய். போன நவம்பர், வாடிப்பட்டி. நீ என் மேல் விழுந்தாய், எலும்பு விட்டுப்போனது. அது பரவாயில்லை, இந்தத் தொழிலில் அப்படித்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தாய். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, நான் எங்கே கால் வைத்திருக்க வேண்டும், எங்கே வைத்தேன் என்று படம் போட்டுக் காட்டினாய். அத்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ போன பிறகு கேட்டார்: "இவன் பாக்க வந்தானா, பரிச்சை வைக்க வந்தானா?" அடுத்த வாரம் நீ வேலைக்குப் போய்விட்டாய் என்று ஊரார் சொல்லித் தெரிந்தது.

இப்போது மறுபடி படம் போட வந்திருக்கிறாய்.

நீ கண்டுபிடித்தது எனக்கு முதல் நாளே தெரியும். பச்சைப் பலகை தெரியாது, ஆனால் பீமாராவ் இடப்பக்கம் வாங்குகிறான் என்பது கழுத்தைக் கொடுத்த முதல் நிமிடமே தெரிந்துவிட்டது. பேசினோம். நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். மூன்று வாரமாகச் செல்லூர்க் கொட்டகையில் தினமும் சாயங்காலம் நாலு மணிநேரம். அத்தாவின் பழைய மெத்தைகளை மூன்றடுக்கு போட்டிருக்கிறோம். பீமாராவின் மனைவி பவதாரிணி போனில் நேரத்தைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு நிமிடம் கத்துகிறது. ஆளைப் பார்த்தால் சாதுவாகத் தெரியும். இரண்டு நொடி பிந்தினால் "டீ குடிக்கப் போனீங்களாக்கும்" என்று கேட்கும்.

ராட்டினத்தை எடுக்க முடியாது. மலேசியாவில் இருந்து ஒருவர் பார்க்க வருகிறார், ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்க. குண்டு ஆட்கள் அவரிடம் நிறைய இருக்கிறார்களாம். பறக்கிறவன் வேண்டுமாம். எனக்கு இருபத்தொன்பது ஆகிறது. ஐம்பத்தேழு கிலோ. இன்னும் இரண்டு வருஷம் இந்த உடம்பு பறக்கும், அப்புறம் மெத்தை ஊசிதான்.

உனக்கு வயிற்றெரிச்சல் என்று அப்சானா சொல்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் யோசித்தேன்.

ஷாகிர்


ஒரகடம்
2.9.2025

ஷாகிர்,

வயிற்றெரிச்சல் இருக்கிறது. அது வேறு விஷயம், இதில் கலக்காதே.

ஆஸ்பத்திரியில் நான் செய்ததைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி. எனக்கு அப்போது வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

மூன்று வாரம் எட்டு வருஷத்தை அழிக்காது. கம்பெனியில் ஒரு பிரஸ் மெஷினில் பட்டனை இடதிலிருந்து வலதுக்கு மாற்றினார்கள். ஆபரேட்டர்கள் ஒரே நாளில் பழகிவிட்டார்கள். ஒரு மாதம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு ஷிப்டின் கடைசி அரை மணியில், அசந்த நேரத்தில், ஒருவர் கை பழைய இடத்துக்குப் போனது. அவருக்கு இப்போது மூன்று விரல். அவர் முட்டாள் இல்லை. களைத்த உடம்பு யோசிக்காது, பழையதைத் தேடும்.

நீ ஒத்திகையில் ராட்டினத்தைத் தனியாகச் செய்து பார்த்திருப்பாய், மூச்சு நன்றாக இருக்கும்போது. அது கணக்கில் வராது. நான் சொல்வதைச் செய். பதிமூன்று நிமிடத்தை முழு வேகத்தில் ஓடு. நிற்காமல் உடனே அவனை ஸ்டூல் உயரத்திலிருந்து தோளில் வாங்கி, மெத்தை மேல் ராட்டினம் போடு. எழுந்து இருபது தண்டால் எடு, மறுபடி போடு. இப்படிப் பத்து தடவை. எத்தனை தடவை உன் உடம்பு வலப்பக்கம் போகிறது என்று எண்ணு. பூஜ்யம் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கண்ணுச்சாமி அண்ணனிடமும் பேசினேன். "தம்பி, போஸ்டர் ஒட்டியாச்சு. கீழ விழுகுறதுக்கு இடது என்ன வலது என்ன" என்று சிரித்தார். அவர் பந்தல் போடுகிற ஆள், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். நீ அப்படி இல்லை.

பதிமூன்றும் பதினாலும் லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் நேரில் வருகிறேன்.

ராம்கி


மதுரை
6.9.2025

ராம்கி,

நேற்று செய்தோம்.

மூன்று.

நாலாவது தடவை, ஏழாவது தடவை, ஒன்பதாவது தடவை. நான்காவதில் எனக்கே தெரியவில்லை, மெத்தையில் கிடக்கும்போதுதான் முகம் தப்பான பக்கம் இருப்பது தெரிந்தது. ஸ்டூல் உயரம் என்பதால் பீமாராவ் காலை விட்டுவிட்டான். "என்ன பாய், பஸ் மாறி ஏறிட்டீங்களா?" என்று சிரித்தான். பவதாரிணியும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒன்பதாவதில் கழுத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது, புது மெத்தையில் பஞ்சு நெரிபடுகிற மாதிரி. அதை அவர்களிடம் சொல்லவில்லை. எதற்காகப் பத்து தடவை என்று பீமாராவ் கேட்டான். மூச்சுப் பிடிக்க என்றேன். ராட்டினத்தில் எனக்குப் பயம் என்று அவனுக்குத் தெரிந்தால் கம்பத்தில் ஏறும்போதே அவன் கால் நடுங்கும். ஏறுகிறவன் பயப்படக் கூடாது. அது நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு யாரிடமிருந்து என்று பீமாராவ் கேட்டான். ஊரை விட்டுப் போன கூட்டாளி, சும்மா ஊர்க்கதை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு நாளாகச் சோற்றுக் கையை எது என்று யோசித்து யோசித்து எடுக்கிறேன். நேற்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் வரைக்கும் போய்விட்டேன். அத்தா பார்த்துவிட்டுத் திட்டினார். சிரித்துக்கொண்டே அவர் முன்னாலேயே சரியாகப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் நீ ஒன்றைப் புரிந்துகொள். முதல் பதிமூன்று நிமிடம் நாங்கள் செய்வது நீயும் நானும் செய்ததைவிட நன்றாக இருக்கிறது. கோபப்படாதே. அவன் கயிற்றின் மேல் காலை வைத்தால் கயிறு குனிவதே தெரியவில்லை. பக்கத்து நெசவுக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்க்கிறார்கள். இப்படி ஒரு ஆட்டத்தை ராட்டினம் இல்லாமல் முடித்தால், சாப்பாடு போட்டு இலையில் உப்பு வைக்காத மாதிரி. மலேசியாக்காரர் அதற்குத்தான் வருகிறார், கண்ணுச்சாமி அவருக்கு அனுப்பிய வீடியோவே அதுதான்.

எடுக்க மாட்டேன். பத்தில் ஏழு சரியாகத்தான் போகிறது. அந்த மூன்றுக்கு என்ன செய்வது என்று சொல். நீ படித்தவன். உனக்குத் தெரியாமல் இருக்காது.

13ஆம் தேதி வருவாய்தானே? வந்தால் கடைக்கு வா. அத்தா ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஷாகிர்


ஒரகடம்
9.9.2025

மாப்ள,

லீவு இல்லை. பதினைந்தாம் தேதி ஆடிட். நான் பயிற்சிக் காலத்தில் இருக்கிறேன், சண்டை போட்டால் வேலை போய்விடும். சண்டை போட்டேன். போகவில்லை, ஆனால் லீவும் இல்லை.

பத்துக்கு மூன்று. எங்கள் கம்பெனியில் பத்தாயிரத்துக்கு மூன்று வந்தால் லைனை நிறுத்துவார்கள். நீ நிறுத்த மாட்டாய் என்று தெரிகிறது. அதனால் இன்னொரு வழி.

உன் ஆபத்து எப்போது தொடங்குகிறது? அவன் கால் உன் கழுத்தில் பூட்டிய பிறகு. அதற்கு முன்னால் இல்லை. அவன் கம்பத்திலிருந்து கிளம்பி உன்னிடம் வந்து சேர முக்கால் நொடி. அந்த நேரத்தில் உனக்கு இடமா வலமா என்று ஒரு துளி குழப்பம் வந்தாலும் கையைத் தூக்காதே. அரை அடி பின்னால் போ. கால் பூட்டாது, கழுத்து தப்பும். கூட்டம் குறி தப்பிவிட்டது என்று நினைக்கும். நினைக்கட்டும்.

யோசிக்காமல் செய்யப் பழகு. குழப்பம் என்றால் பின்னால். அவ்வளவுதான் விதி. தினமும் ஐம்பது தடவை தனியாக நின்று செய். பின்காலில் எடை, தாடையை மார்பில் ஒட்டு. கீழே படம் போட்டிருக்கிறேன். அம்புக்குறி உன் கால் போக வேண்டிய திசை. கட்டம் போட்டது உன் கழுத்து.

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். நாளைக்கே உன் கையில் இருக்க வேண்டும். அப்சானாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது. அதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

ராம்கி


மதுரை
19.9.2025

ராம்கி,

வீடியோ எதையும் பார்க்காதே. யாராவது அனுப்பியிருந்தால் அழித்துவிடு. நான் எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் சமையல் கட்டிலிருந்து பெஞ்சு தூக்கி வந்தார்கள். மலேசியாக்காரர் முதல் வரிசையில், வெள்ளைச் சட்டை. பவதாரிணி ரிங் மேடைக்கு ஓரமாகப் போனை வைத்துக்கொண்டு எங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி விரலால் நிமிடம் காட்டியது. ஆறாவது நிமிடம் பீமாராவ் கயிற்றுக்கு வெளியே என் மேல் பறந்து விழுந்தான், ஜனம் மொத்தமும் எழுந்து நின்றது. திரும்ப உட்காரவே இல்லை. ஒன்பதாவது நிமிடம் நான் பறந்தேன். மேலே இருக்கும்போது ஒரு இடம் வரும் இல்லையா, சத்தம் எல்லாம் நின்றுபோகும், கீழே ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது மட்டும் தெரியும். அவன் நின்றான். ஒரு இம்மி பிசகாமல் வாங்கினான்.

பதினாலு. அவன் கம்பத்தில் ஏறினான். நான் நடுவில் நின்றேன். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். கிளம்பிவிட்டான். இடமா வலமா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. கேள்விதான், தப்பு நடக்கவில்லை. உடம்பு என்னைக் கேட்கவில்லை. ஐம்பது ஐம்பதாகப் பழகியிருந்தேன் இல்லையா. அரை அடி பின்னால் போனேன். தாடையை மார்பில் ஒட்டினேன். கையைத் தூக்கவில்லை.

அவன் கால் என் தோளைத் தடவிக்கொண்டு போனது. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. பிடரியில் விழுந்தான். கைதட்டினார்கள். அதையும் ஆட்டத்தில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். அவன் எழுந்திருப்பான் என்று ரொம்ப நேரம் கைதட்டினார்கள். பவதாரிணிதான் முதலில் கயிற்றுக்குள் நுழைந்தது.

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. நினைவு இருக்கிறது. பேசுகிறான். வலது கை கொஞ்சம் அசைகிறது. மார்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆறு வாரம் போக வேண்டும், அதற்கு முன்னால் எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சொல்கிறபோது அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. மலேசியாக்காரர் அன்றைக்கே போய்விட்டார்.

புதன்கிழமை என்னை உள்ளே விட்டார்கள். பீமாராவுக்குத் தலையைத் திருப்ப முடியாது, நான் குனிந்து நின்றேன். "நான் தப்பாக் குதிச்சுட்டேனா பாய்?" என்று கேட்டான். உங்களுக்கு அடி படவில்லையே என்றும் கேட்டான். அவன் போர்வையைச் சரி செய்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நேற்று பவதாரிணி காப்பீட்டு அட்டையைத் தேடி எங்கள் ஆட்டப் பையைத் திறந்திருக்கிறது. உன் கடைசிக் கடிதம் என் முழங்கால் உறைக்குள் இருந்தது. படம் போட்ட பக்கத்தோடு. நான் போகும்போது வராண்டா பெஞ்சில் அதை மடியில் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அழவில்லை. உட்காருங்க என்று இடம் விட்டது. உன் மூன்று கடிதத்திலும் என்ன இருந்தது என்று கேட்டது. சொன்னேன். பத்துக்கு மூன்று வரைக்கும் சொன்னேன்.

கடிதத்தை மடித்துக்கொண்டே கேட்டது: "நீங்க விலகலாம்ணே. உசிரு யாருக்கும் பெருசுதான். விலகுவேன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ரெண்டு பேருக்குமே தோணலையா? நான் அங்கனதானே ஒக்காந்து நிமிசம் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

பதில் நீ சொல்.

ஷாகிர்


ஒரகடம்
23.9.2025

ஷாகிர்,

உனக்கு எழுதியவற்றைத் தபாலில் போடுவதற்கு முன்னால் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். மூன்றையும் படித்தேன். பீமாராவ் பெயர், சுழற்சி, எந்தப் பள்ளி, எத்தனை நொடியில் வந்து சேர்வார், எல்லாம் எழுதியிருக்கிறேன். அவர் வந்து சேரும் இடத்தில் யாரும் இல்லையென்றால் என்ன ஆவார் என்று ஒரு வரி இல்லை. இரண்டு உடம்பு செய்கிற வேலைக்கு நான் ஒரு உடம்பை வரைந்து அனுப்பியிருக்கிறேன். டிராயிங் சரிபார்க்கிற வேலைதான் எனக்கு இங்கே.

எனக்குத் தோணவில்லை. பவதாரிணிக்கு அதுதான் பதில். அதைவிடக் கௌரவமான பதில் இருக்கிறதா என்று இரண்டு நாளாகத் தேடிவிட்டேன், இல்லை. எனக்கு நீ மட்டும்தான் கண்ணில் தெரிந்தாய்.

விலகச் சொன்னது நான். அதை நீ உன் மேல் போட்டுக்கொள்ளாதே என்று எழுத வந்தேன். ஆனால் கடிதம் யாருடையதென்று அவர் கேட்டபோது ஊர்க்கதை என்றது நீ. அதை நான் சுமக்க முடியாது. நீ சுமக்க வேண்டும்.

வேலையை விடவில்லை. லீவும் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போகிறேன். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நில். கடைக்கு வரவில்லை, நேராக அங்கேதான்.

பீமாராவ் உன்னிடம் கேட்ட கேள்வி ஆறு நாளாக அவரோடு படுத்திருக்கிறது. அவர் தப்பாகக் குதிக்கவில்லை. அளவெடுத்த மாதிரி குதித்தார். நான் வீடியோவைப் பார்த்தேன், நீ வேண்டாம் என்று எழுதிய பிறகும் பார்த்தேன். கால் வர வேண்டிய இடத்துக்கு, வர வேண்டிய நேரத்தில் வந்தது. முதலில் அவருக்கு அது தெரிய வேண்டும். அப்புறம் ஏன் விழுந்தார் என்பது தெரிய வேண்டும். நான் சொல்வேன். நீ பக்கத்தில் நிற்க வேண்டும்.

என்ன வார்த்தையில் சொல்வது என்று யோசித்துத் தயார் செய்துகொண்டு வராதே. நானும் செய்யப்போவதில்லை.

ராம்கி